காப்பார் ரோட்டு டர்போ சாமி

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பார் சாலையில் ஒரு வண்டியும் நகராது. விபத்தா? இல்லை. வெள்ளமா? அதுவும் இல்லை. டர்போ சாமி அருள்வாக்குச் சொல்லும் நாள்!

பிக்கப், வேன், டாக்ஸி, மணல் லோரி என்று சாலையின் இரண்டு ஓரமும் அடைத்துக் கிடக்கும். கிள்ளானிலிருந்து வந்தார்கள், அம்பாங்கிலிருந்து வந்தார்கள், சாலாக் செலாத்தானிலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்க வந்த ஒருவர், கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் வரிசையில் நின்றுவிட்டார். அவர் வண்டிக்கு டர்போ வைத்தால் ஐஸ்கிரீம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே கேள்வி கேட்கிற வழக்கமே இல்லை.

டர்போ என்றால் ஏதோ மந்திரப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் இரும்புச் சாமான். எஞ்சின் வெளியே தள்ளும் புகை அதன் ஒரு பக்க விசிறியைச் சுற்றும். மறுபக்க விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். வண்டி பாயும். சின்ன டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பெரியதைச் சுற்ற நிறையப் புகை வேண்டும். அது சோம்பல் முறித்து எழ நேரமாகும். எஞ்சின் எவ்வளவு பெரியது, எந்தச் சாலையில் எப்படி ஓட்டுகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டியது. இவ்வளவுதான் சங்கதி.

ஆனால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், வானத்தில் மலேசிய விமானம் பறந்துகொண்டிருக்க, கீழே நம் ஆட்கள் டர்போவுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

சாமியின் பூர்வாசிரமப் பெயர் ரெங்கையா. பிரிக்ஃபீல்ட்ஸில் கேசட் கடை வைத்து மூடினார். தண்ணீர் ஃபில்டர் விற்று அதையும் மூடினார். மூடுவதற்கு வேறு கடை இல்லாதபோது ஞானம் பிறந்தது. காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் உருத்திராட்சத்துக்குப் பதிலாகப் பேரிங் குண்டுகளைக் கோத்த மாலை. அவர் நடந்தால் பழைய கியர்பாக்ஸ் நடக்கிற மாதிரி சத்தம் கேட்கும்.

பழைய பட்டறை ஒன்றுதான் சந்நிதி. காவித் துணி விரித்த மேசை. அதன்மேல் வாழையிலையில் மூன்று டர்போக்கள்: சின்னது, நடுத்தரம், பெரியது. வண்டி நம்பரையும் ஓட்டுகிறவரின் நட்சத்திரத்தையும் சொன்னால் போதும். சாமி மணியடித்து, "வாயுவே வா! வந்து சுத்து!" என்பார். மூன்றில் ஒன்றின் விசிறி தானாகச் சுற்றும். சத்தியமாகச் சுற்றும். அதுதான் உங்களை 'அழைத்த' டர்போ. காணிக்கை வைத்துவிட்டு, பின்கட்டிலிருந்து அதே மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு போகலாம்.

பரணிக்காரனுக்குப் பெரியது சுற்றியது. ரோகிணிக்காரனுக்கும் பெரியதே சுற்றியது. பள்ளிக்கூட வேனுக்கும் பெரியதுதான், பிரேத வண்டிக்கும் பெரியதுதான். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒரே சைஸ்!

இந்த வரிசையில்தான் நம் தம்புசாமி நின்றுகொண்டிருந்தான். காப்பார்க்காரன், கப்பல் கம்பெனியில் கிளார்க். மூன்று வருஷமாக ஒரு பழைய டீசல் பிக்கப்பைக் குழந்தை மாதிரி வளர்த்து வருகிறான். எஞ்சின் மாற்றினான், பிரேக் மாற்றினான், சிவப்புப் பெயின்ட் அடித்தான். டர்போ ஒன்றுதான் பாக்கி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி அவனுடைய ஆசை. ஓட்டுவது அவன் மனைவி வீரம்மா. அவன் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் வீரம்மாதான் தினமும் காப்பாரிலிருந்து அந்தப் பிக்கப்பில் போய்வருகிறாள்.

"இதோ பாருங்க, ஓட்டப் போறது நானு" என்றாள் வீரம்மா வரிசையில் நின்றபடியே. "உங்க கூட்டாளி நாகையா கதி எனக்கு வேணாம்."

நாகையா பக்கத்திலேயே நின்றான், அடிபட்ட கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு. போன மாதம் சாமி கொடுத்த பெரிய டர்போவோடு மர லோரி ஒன்றை முந்தப் போனான். மிதித்தான். டர்போ தூங்கியது. லோரியை ஒட்டியே எதிர்ப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தான். எதிரே பஸ். வளைவு வந்ததும் டர்போ திடீரென்று கண்விழித்தது. பஸ்ஸுக்குத் தப்பிய வண்டி செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் போய் உட்கார்ந்தது.

"கால்வாயில தண்ணி இருந்துச்சில்ல? சாமிதான் காப்பாத்துனாரு லா!" என்றான் நாகையா, முழு உடம்பையும் திருப்பி.

"தள்ளிவிட்டது யாரு?"

"தங்கச்சி, டர்போ லேட்டா புடிக்குதுன்னா அது சனி பகவான் சோதனை. கறுப்பா புகை வருதுன்னா திருஷ்டி கழியுது. சாமியே சொல்லிட்டாரு."

தம்புசாமி தலையாட்டினான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூட்டாளியின் கழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் பெண்டாட்டியின் கழுத்தைப் பற்றி நினைக்காமல் தலையாட்ட முடிந்தது. பக்தி என்றால் சும்மாவா?

அன்றைக்கு அவன் முறை வருவதற்குள் சாமி மலையேறிவிட்டார். ஆனால் வீரம்மா வீணாக நிற்கவில்லை. காதைத் தீட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் மணி அடித்ததும் திரைக்குப் பின்னால் 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு மேசைக்குக் கீழே 'உஸ்ஸ்'. பிறகுதான் வாயு பகவான் வருகிறார். அந்த 'டுர்ர்ர்' சத்தத்தை அவள் நாள் முழுதும் கிளினிக்கில் கேட்கிறாள். டாக்டர் பல்லைக் குடைகிறாரே, அந்தக் கருவியின் முனை எதனால் சுற்றுகிறது? 'டுர்ர்ர்' என்று உறுமும் கம்ப்ரசர் அனுப்பும் காற்றால்தான். அங்கே யாரும் கற்பூரம் காட்டுவதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள். தம்புசாமி சீறினான்.

"உனக்கு எல்லாமே பல்லுதான்! இத்தனை பேரு முட்டாளா?"

"அதை நான் எதுக்குச் சொல்லணும்? ஒரு பேச்சு பேசிக்குவோம். அடுத்த ஞாயிறு நானும் வரேன். என் கண்ணு முன்னாடி நம்ம வண்டிக்கு அது சுத்திருச்சுன்னா, அந்தப் பெரிய சனியனையே மாட்டுங்க. வாயைத் திறக்காம ஓட்டுறேன். சுத்தலைன்னா நான் சொல்றதுதான்."

"சரி" என்றான் தம்புசாமி. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான். ஆனாலும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் அந்த லோரிகளுக்கு நடுவே ஓட்டுவது கண்முன் வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு. அதே கூட்டம், அதே மணி, அதே கறுப்புக் கண்ணாடி. வரிசையில் நின்ற வீரம்மா பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் பிசைந்தாள்.

"என்னாக்கா, கொழுக்கட்டை மாவா?" என்றார் ஐஸ்கிரீம்காரர். இந்த வாரமும் வந்திருந்தார் மனுஷர்.

"ஆமா, சாமிக்குத்தான்."

ரோஸ் நிறத்தில் இருந்த அது, பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவு. பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

முறை வந்தது. "டர்போவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கம்மா" என்றார் சாமி. வீரம்மா பக்தியோடு பெரிய டர்போவை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றினாள். அடியில் புகை நுழைகிற வாயில் மாவை அழுத்தி அடைத்தாள். இலைக்கு நடுவே தெரிந்த ஓட்டைக்கு நேராக, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள். சாமி அதற்குள் காணிக்கைத் தட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"வண்டி நம்பர்? ஓட்டுறவங்க நட்சத்திரம்?"

தம்புசாமி இரண்டையும் சொன்னான். சாமி வானத்தைப் பார்த்தார், கூரைத் தகரத்தைப் பார்த்தார், நீண்ட மந்திரம் ஒன்றை முணுமுணுத்தார். அதற்குள் மாவு இறுகியிருக்கும்.

மணி அடித்தார். 'டுர்ர்ர்.' "வாயுவே வா! வந்து சுத்து!"

சுற்றவில்லை.

"வாயுவே!" மறுபடியும் மணி. பெரிய விசிறி கல் மாதிரி நின்றது. சாமியின் நெற்றியில் திருநீறு கரைந்து வழிந்தது. "யாரோ தீட்டோட வந்திருக்கீங்க! தள்ளி நில்லுங்க!" என்று கத்தியபடி மணியைத் தீயணைப்பு வண்டி மாதிரி அடித்துத் தள்ளினார். திரைக்குப் பின்னால் இருந்தவனுக்குக் குறிப்பு புரிந்துவிட்டது போலும். குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.

பட்!

மேசைத் துணி குடையாக விரிந்தது. வாழையிலை பறந்தது. எலுமிச்சம்பழங்கள் பந்து மாதிரி நாலாப் பக்கமும் ஓடின. கற்பூரம் அணைந்தது. மேசைக்கு அடியிலிருந்து கறுப்பாக, நீளமாக ஒன்று சீறிக்கொண்டு எழுந்து துள்ளித் துள்ளி ஆடியது.

"நாகராஜா!" என்று அலறி விழுந்து கும்பிட்டான் நாகையா, கழுத்துப் பட்டையோடு.

"பால் கொண்டாங்க! பால்!" என்றது கூட்டம். பால் இல்லை. ஐஸ்கிரீம்காரர் ஓடிப்போய் வெனிலாக் குச்சி ஐஸ் ஒன்றை உரித்து நாகராஜாவின் வாய்க்கு நேரே நீட்டினார். நாகராஜா அதை அவர் முகத்திலேயே ஊதிவிட்டு, சாமியின் காவி வேட்டிக்குள் புகுந்தது. வேட்டி பலூனாக உப்பி இடுப்பைவிட்டு எழுந்தது. உள்ளே ஆகாய நீலத்தில் பூப்போட்ட அரைக்கால்சட்டை! கூட்டம் அதையும் கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கியது.

வீரம்மா நிதானமாகப் போய்த் திரையை இழுத்தாள். அங்கே சாமியின் மச்சான், ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், மறு கையில் கம்ப்ரசர் வால்வு.

"வாயு பகவான் சாப்பிடுறாரு. சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.

மச்சான் வால்வை மூடினான். நாகராஜா தொப்பென்று தரையில் விழுந்து ரப்பர் குழாயாகிவிட்டது.

"பக்தகோடிகளே!" சாமி வேட்டியைப் பிடித்தபடி கைதூக்கினார். "இது சதி! குழாய் சும்மா உதவிக்கு. சக்தி என்னோடது!"

கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடத் தொடங்கிவிட்டன. பாருங்கள்! குழாயைக் கண்ணால் கண்ட பிறகும்! தம்புசாமிக்கும் தலை ஆடப் பார்த்தது. மூன்று வருஷ ஆசை, பழகிய கழுத்து. அப்போதுதான் நாகையாவின் கழுத்துப் பட்டையைப் பார்த்தான். அதே பட்டையோடு வீரம்மாவை நினைத்தான். கால்வாயில் தண்ணீர் இல்லாத மாதத்தை நினைத்தான். நானே அல்லவா இவளை அனுப்பப் பார்த்தேன் என்று வெட்கமும் பயமுமாக இருந்தது.

பெரிய டர்போவை எடுத்து, அடைத்திருந்த ரோஸ் ரப்பரைப் பிடுங்கி எறிந்தான். டர்போவை இரண்டு கையிலும் ஏந்திச் சாமியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"சக்தி உங்களோடதுதானே சாமி? மேசை வேணாம், குழாய் வேணாம். இப்ப என் கையில வெச்சு சுத்த வைங்க. சுத்துச்சுன்னா உங்க காலுல விழறேன்."

சாமி பார்த்தார். டர்போ அவரைப் பார்த்தது.

"ஞாயித்துக்கிழமை வாயுவுக்கு லீவு" என்றார் சாமி.

ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அருள்வாக்குச் சொல்கிற சாமி இதைச் சொன்னதும் ஐஸ்கிரீம்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் சிரித்ததும் நூறு பேர் சிரித்தார்கள். பின்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே உடைத்த பஸ்களிலிருந்து கழற்றிய பெரிய டர்போக்கள் தேங்காய் மாதிரி குவிந்து கிடந்தன. அருகில் சாமியின் சொந்த வேன். யாரோ பானெட்டைத் தூக்கினார்கள். உள்ளே பளபளவென்று புத்தம் புதிய டர்போ. சின்னது!

"ஏன் சாமி, உங்க நட்சத்திரத்துக்கு மட்டும் சின்னதா?" என்று தம்புசாமி திரும்பிக் கேட்டான். சாமியைக் காணோம். வேலியோரம் பூப்போட்ட கால்சட்டை ஒன்று கிள்ளான் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. லேட்டாகப் பிடிக்காத வேகம்!

தம்புசாமி மனைவி பக்கம் வந்தான். "நம்ம எஞ்சினு ரெண்டரை லிட்டர். நீ ரோட்டுல எப்படி ஓட்டுற? எங்க முந்துற? எத்தனை ஸ்பீட்ல?"

"மூணு வருஷத்துல இப்பதான் கேக்குறீங்க" என்றாள் வீரம்மா. பிறகு ஒவ்வொரு வளைவாகச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். சீக்கிரம் விழிக்கிற சின்னதுதான் வேண்டும் என்று இருவருக்குமே தெரிந்தது. கிள்ளானில் போய் வாங்கலாம் என்று கிளம்பினார்கள்.

அப்போது கழுத்துப் பட்டையோடு நாகையா ஓடிவந்தான். "தம்பு! இவரு போலிடா, ஒத்துக்கறேன். பந்திங்ல ஒருத்தர் இருக்காராம். அசல் சாமி! புகையை மோந்து பாத்தே டர்போ சொல்லுவாராம். அடுத்த வாரம் போவமா?"

அவனுக்குப் பின்னால், அதற்குள்ளேயே ஒரு வரிசை நின்றது.

தோழர்களே, தலை என்ற ஒன்றை நமக்குத் தந்திருப்பது ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டும் அல்ல. வரிசையில் நிற்பதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். காணிக்கை எதுவும் கேட்காது!