எதிர் பெஞ்சு

"திரும்பிட்டா மேடம்! வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டா!"

துப்புரவு அக்கா துடைப்பமும் கையுமாக ஜன்னலோரம் நின்று நேரடி ஒலிபரப்பு செய்துகொண்டிருந்தாள். மனசு மேடம் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள், வந்த பெண் தெருவில் கிடந்த ஒரு கல்லை மிகுந்த அக்கறையோடு ஓரமாகத் தள்ளி வைத்தாள். தான் வந்ததே அதற்குத்தான் என்பது போலக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

"யாரு அது?"

"தையல்கார அம்மா. முகமே சரியில்லை மேடம். நேரா நம்மகிட்டதான் வந்தா. அப்புறம் அந்தப் பக்கம் பாத்தா. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் என்றால் எதிர் டீக்கடை. கடையைக்கூடச் சொல்ல முடியாது, கடை வாசலில் கிடந்த நீள பெஞ்சைத்தான் சொல்ல வேண்டும். அதில் ரிட்டயர்டு டிரைவர், மோட்டார் மெக்கானிக், வாத்தியார், இன்னும் பெயர் தெரியாத பெரிய மனிதர்கள் எல்லாம் தெருவையே பட்டா போட்டு வாங்கிவிட்டவர்கள் மாதிரி காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சினிமா தியேட்டரில் உட்காருவதைப் போல எல்லா முகமும் ஒரே திசையைப் பார்த்திருந்தது. திரை இருக்கும் இடத்தில் மனசு மேடத்தின் வாசல் இருந்தது.

அவளுடைய வேலை மனநல ஆலோசகர். அது வாயில் நுழையாததால் ஊரார் வைத்த பெயர்தான் மனசு மேடம். ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி, உடைந்த தெருவிளக்குகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். தலைவர் ரிப்பன் வெட்டினார், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதித்தவர்கள் அவளும் துப்புரவு அக்காவும் மட்டும்தான்.

அன்று மத்தியானம் மாவட்ட அலுவலகத்திலிருந்து மேலதிகாரி போன் செய்தார்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க?"

"இனிமேதான் சார் வருவாங்க."

"நான் எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டேன்."

"யாரும் வரலை சார்."

"நினைச்சேன். அந்த ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்க போல. மாசக் கடைசியில நானே நேர்ல வரேன். அப்பவும் இதே கதைன்னா அறையை மூடிட்டு மேசை நாற்காலியை டவுனுக்கு அனுப்பிடலாம். வேணுங்கறவங்க டவுனுக்கு வரட்டுமே."

டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மனசு விட்டுப்போனவன் இரண்டு பஸ் மாற மாட்டான், ஒரு பஸ்ஸுக்கே எழுந்து நிற்க மாட்டான். இதை அவள் கல்லூரியில் படிக்கவில்லை. இதே மாதிரி ஒரு ஊரில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் திரும்பாமலே கிடந்தார். அவர் அவளுடைய சொந்த அண்ணன். அந்தச் சுவர்ப் பக்கத்தை அவளால் மறக்க முடியவில்லை.

"மூட விட மாட்டேன் சார்," என்றாள்.

"என்னம்மா?"

"லைன் சரியில்லை சார்," என்று போனை வைத்தாள்.

பிறகு ஜன்னலுக்கு வந்து பெஞ்சை முறைத்தாள். பெஞ்சும் அவளைப் பார்த்தது. வாத்தியார் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டு ஆகாயத்தைப் பார்த்தார்.

"அக்கா, அவங்களா நானா, ஒரு கை பாத்துடறேன்."

"பாருங்க மேடம். வேலை வெட்டி இல்லாத கூட்டம். யாரு உள்ள போறா, யாரு வெளிய வராங்கன்னு பாத்து ஊரெல்லாம் பரப்பறதுக்குன்னே உக்காந்திருக்கு."

முதலில் அவள் கை வைத்தது போர்டில். அது ஓர் ஆள் உயரப் போர்டு. அதில் முக்கால்வாசி தலைவருடைய சிரிப்பு. மிச்சமிருந்த இடத்தில் மனநலம், ஆலோசனை, இலவசம் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. போர்டு இல்லையென்றால் உள்ளே வருபவர் எதற்கு வந்தார் என்று பெஞ்சுக்குத் தெரியாதல்லவா? இருவரும் சேர்ந்து அதைக் கழற்றி உள்ளே வைத்தார்கள்.

மறுநாள் பெஞ்சில் இடம் போதவில்லை. அதுவரை தலைகாட்டாத ஆட்கள் எல்லாம் வந்து, பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தார்கள். போர்டு எங்கே என்று பார்க்க வந்த கூட்டம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினோரு மணி வாக்கில் ரிட்டயர்டு டிரைவர் தெருவைக் கடந்து வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மேடம்... மணி என்ன ஆகுது?"

அவர் கையில் வட்டத் தட்டு மாதிரி ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். அவரும் அதைப் பார்த்தார்.

"இது... இது கொஞ்சம் வேகமா ஓடும்," என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சு முழுவதும் அவரையே பார்த்தது. வந்த வழியே போய் உட்கார்ந்துகொண்டார்.

"திமிரைப் பாத்தீங்களா அக்கா? நம்ம வாசல்லயே வந்து கிண்டல் பண்ணிட்டுப் போறாரு!"

அவள் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"அந்த பெஞ்சை எடுக்கணும் சார்."

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்ன மேடம் நீங்க! அது நான் ஜெயிச்ச வருஷம் போட்ட பெஞ்சு. அதுல உக்காந்திருக்கிறது எல்லாம் ஓட்டு. ஓட்டை எழுந்திரின்னு யாராவது சொல்லுவாங்களா?"

"சரி சார். உங்க போர்டையும் அப்ப உள்ளேயே வச்சுடறேன்."

தலைவரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. "போர்டைக் கழட்டிட்டீங்களா?"

"பெஞ்சை எடுத்தா மாட்டிடறேன்."

எங்கே மாட்டுவேன் என்று அவள் சொல்லவில்லை. சாயங்காலமே பெஞ்சைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வராந்தாவில் போட்டார்கள். அவளும் வாக்குத் தவறாமல் போர்டை மாட்டினாள், அறைக்குள்ளே, கதவுக்குப் பின்னால்.

காலையில் ஜெயித்த நடையில் வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். டீக்கடை வாசலில் ஆளுக்கொரு நாற்காலி. டிரைவர் வீட்டு மடக்கு நாற்காலி, வாத்தியாரின் சாய்வு நாற்காலி, மெக்கானிக் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி. முன்பாவது இடுப்பு வலிக்கு இடையில் எழுந்து நடப்பார்கள். இப்போது தலைக்குத் தலையணை வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்திருந்தார்கள்.

"நல்ல காரியம் பண்ணினீங்க மேடம்," என்றார் டீக்கடைக்காரர். எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் மனிதர். "நீங்க வந்தப்புறம்தான் இந்தக் கடையில கூட்டம்னு ஒண்ணைப் பாக்கறேன். முன்னாடி இந்நேரத்துக்கு ஈதான் டீ குடிக்கும்."

சொல்லிக்கொண்டே டீயை டம்ளருக்குப் பக்கத்தில், வெறும் மேசையில் ஊற்றினார். அவர் கண் வேறெங்கோ இருந்தது. அதற்கும் சிரித்தார்.

நேரத்தை மாற்றினால் என்ன என்று தோன்றியது அவளுக்கு. விடிந்தும் விடியாத வேளையில் அறையைத் திறப்பது, விஷயத்தைத் தையல்கார அம்மாவின் காதில் மட்டும் போட்டு வைப்பது. துப்புரவு அக்கா மிக ரகசியமாகச் சொன்னாள். எவ்வளவு ரகசியம் என்றால், தையல்கார அம்மா வீட்டில் இல்லாததால் பக்கத்து வீட்டில் சொல்லி, சொல்லிவிடச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் மனசு மேடம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்தபோது டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அரையிருட்டில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லாரும் குல்லாவும் சால்வையுமாகக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க வீட்டுக்குப் போங்களேன் சார், பனி ஒத்துக்காது," என்று மெக்கானிக் வாத்தியாரிடம் சொல்வது கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லை. நீ போய்த் தூங்கு."

"தூக்கமா? அது கிடக்கட்டும். டிரைவரண்ணே, உங்களைத்தான் அண்ணி தேடுவாங்க."

"தேடட்டும். நான் எழுந்திரிக்கறதா இல்லை."

என்ன அடம்! தெருமுனை வரை வந்திருந்த தையல்கார அம்மா, வரிசையைப் பார்த்ததும் மறுபடி ஏதோ கல்லைத் தேட ஆரம்பித்தாள்.

மத்தியானம் மெக்கானிக் உள்ளேயே வந்துவிட்டான்.

"மேடம், உங்க ஃபேன் சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. பாக்கட்டுமா?"

ஃபேனில் சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் நாற்காலி மேல் ஏறி நின்றான். திருகாணியைத் தொட்டான், விட்டான், மறுபடி தொட்டான்.

"இங்க பேசினா வெளிய கேக்குமா மேடம்?"

வேவு பார்க்கிறான்! அவளுக்குச் சுருக்கென்றது. "எதுக்குக் கேக்கறீங்க? வெளியில போய்ச் சொல்றதுக்கா?"

"ஐயோ, இல்லை மேடம். சும்மா..." எதிரே வாத்தியார் இருமினார். மெக்கானிக் நாற்காலியிலிருந்து குதித்து, "ஃபேன் நல்லாத்தான் இருக்கு," என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டு ஓடினான்.

அவள் கொதித்துப்போனாள். தன் வீட்டு மொட்டை மாடிக்குச் சிமென்ட் பூச வைத்திருந்த பணத்தில் கொத்தனாரைக் கூட்டி வந்தாள். அறையின் பின்சுவரில் எப்போதோ அடைத்துவிட்ட ஒரு வாசல் இருந்தது. அதை இடித்துத் திறக்கச் சொன்னாள். முன்வாசல் அவர்களுக்கு, பின்வாசல் ஊருக்கு. தூசியும் செங்கல்லுமாக ஒரு பகல் முழுக்க இடி சத்தம். எதிர்ப்பக்கத்து நாற்காலிகளில் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை புதுக் கதவைத் திறந்தாள். சாக்கடைச் சந்து. சாக்கடையின் மறுகரையில் வாத்தியார் சாய்வு நாற்காலியோடு இருந்தார். பக்கத்தில் இன்னும் பாதிப் பேர். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க என்ன சார் பண்றீங்க?"

"காத்து இங்கதான் நல்லா வருது மேடம்," என்றார் வாத்தியார், பொத்திய மூக்கின் வழியாக.

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் ஜீப் வந்து நின்றது.

மேலதிகாரி உள்ளே வந்தார். கதவுக்குப் பின்னால் இருந்து சிரித்த தலைவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். சுவரில் இருந்த புது ஓட்டையைப் பார்த்தார். ஓட்டை வழியாக வாத்தியாரைப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னம்மா?"

"முயற்சி சார்."

"பலன்?"

அவள் நாற்காலியின் பக்கமாக நகர்ந்தாள்.

"ஒருத்தர்கூட வரலை, அதானே? நான் குறை சொல்லலை. நல்லாத்தான் உழைச்சிருக்கீங்க. ஆனா தேவையில்லாத ஊர்ல தேவையில்லாத அறை. தம்பி, மேசையைத் தூக்கு."

ஜீப் டிரைவர் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலியை எடுக்கத் திரும்பி வந்தபோது அதில் மனசு மேடம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா," என்றார் மேலதிகாரி.

"முடியாது சார். என்னையும் சேர்த்துத் தூக்குங்க."

"சாமான் கணக்குல நீங்க இல்லையே!"

"சேத்துக்கோங்க. தேவையில்லாத ஊரா? என் அண்ணன் படுத்திருந்த ஊரைப் பத்தியும் இப்படித்தான் சொன்னாங்க. தினம் ஒரு பொண்ணு இந்த வாசல் வரைக்கும் வந்துட்டு அழுதுகிட்டே திரும்பிப் போறா. அவ உள்ள வராததுக்குக் காரணம் என்னன்னு காட்டறேன், வாங்க."

எழுந்தாள். பின்சந்தில் இருந்தவர்களையும் கையைக் காட்டி அழைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள். பின்னால் மேலதிகாரி, அவர் பின்னால் துடைப்பத்தோடு அக்கா. டீக்கடை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். இத்தனை நாள் ஜன்னலிலிருந்து முறைத்ததையெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டினாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா? மனசுல பாரத்தோட ஒருத்தர் இந்தத் தெருவைத் தாண்ட முடியலை, உங்க கண்ணுக்குப் பயந்து! பெஞ்சை எடுத்தா நாற்காலி, விடியறதுக்குள்ள வந்தா சால்வை, பின்னால போனா சாக்கடை! அப்படி என்ன வேடிக்கை? உங்களாலதான் இந்த அறையை மூடறாங்க. இப்ப சந்தோஷம்தானே? எழுந்து போங்க எல்லாரும்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் தன் கடிகாரத்தைத் திருகினார். வாத்தியாரின் கண் கலங்கியிருந்தது.

"மூடறாங்களா?" என்றான் மெக்கானிக், குரலே எழும்பாமல். பிறகு டிரைவரின் முழங்கையை இடித்தான். "அண்ணே, இப்பவாவது நீங்க கிளம்புங்களேன்."

"நீ கிளம்பேன்டா."

"பாருங்க சார், பாருங்க! இப்பவும் இதே அடம்!" என்று அவள் மேலதிகாரியிடம் திரும்பினாள்.

டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவங்க வேடிக்கை பாக்க உக்காரலை மேடம், மத்தவங்க எழுந்து போனா உங்ககிட்ட வந்து பேசலாம்னு ஒவ்வொருத்தரும் காத்துகிட்டு இருக்காங்க, எல்லாரும் போய்ட்டா கடையைப் பூட்டிட்டு வரலாம்னு நானும்தான் காத்துகிட்டு இருக்கேன்."