மாத்து அக்காவும் திருச்சானூர் கம்பி வரிசையும்

பெற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் வளர்க்கக் கூடாது என்று மனமார நம்பிய தாய் இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் சித்தூரில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தாள். தெருவுக்கே அவள் மாத்து அக்கா. சொந்தப் பெயர் ஆதார் கார்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. என்னைவிட இளையவள்தான். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அண்ணா என்பாள். எங்கள் உறவில் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மாங்கூழ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து நாங்கள் சித்தூருக்குக் குடிபோன புதிது. என் மனைவி சுகந்தி கையில் தட்டோடு எங்கள் மகள் நிலாவைத் துரத்திக்கொண்டிருந்தாள். நிலாவுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குள் ஒரு இட்லி இறங்க வேண்டுமென்றால் செல்போனில் ஒரு முழுநீள சினிமா ஓடி முடிய வேண்டும். அன்றைக்கு சினிமா முடிந்து, பேட்டரியும் முடிந்து, இட்லி மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் ஒரு பெண் இடுப்பில் பையனோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, துன்ன மாட்டேன்றாளா?"

"காலையிலேருந்து இதே ரோதனைங்க."

"உன் புள்ள உன்கிட்ட ஏன் துன்னும்? மாத்திக்கலாம் வா."

என்னத்தை மாற்றிக்கொள்வது என்று சுகந்தி யோசிப்பதற்குள், இடுப்பிலிருந்த பையனை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டு, நிலாவை ஒரு கையிலும் தட்டை மறு கையிலும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் எதிர் வீட்டுக்குள் போய்விட்டாள். சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் பையனைப் பார்த்தேன். அவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "சட்னி இல்லியா?" என்று கேட்டான்.

பையனுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் லக்கி. எங்கள் பாத்திரத்திலிருந்த இட்லியெல்லாம் அவனுக்குள் போனது. எதிர் வீட்டிலிருந்து நிலாவின் குரல், "இன்னொண்ணு குடு அத்த" என்று கேட்டது. சுகந்தி அழுதுவிட்டாள். சந்தோஷமா, பொறாமையா என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை நாமெல்லாம் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாத்து அக்காவுக்கு அது சட்டம்.

"பெத்தவங்ககிட்ட புள்ளைங்க நடிக்கும்ணா. அட்த்த வூட்ல நடிச்சா ஆரு பாக்கப்போறாங்க?" என்பாள்.

சாப்பாட்டில் தொடங்கிய மாத்து மெல்ல மெல்ல எல்லா இடத்துக்கும் பரவியது. தடுப்பூசிக்கு நிலாவை அவள் தூக்கிக்கொண்டு போனாள், லக்கியை சுகந்தி தூக்கிக்கொண்டு போனாள். "நம்ம புள்ள அழுதா நம்மளும் சேந்து அழுவோம். ஊசி போட்றவங்க பாவம், எத்தினி பேரத்தான் சமாதானம் பண்ணுவாங்க?" பள்ளிக்கூடத்திலிருந்து நான் கூட்டி வருவது எப்போதும் லக்கியைத்தான். ஒருநாள் மறந்துபோய் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் மூன்று பேர் நிறுத்தி, "லக்கிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

இதன் உச்சம் பள்ளிக்கூடத்துப் பேரண்ட்ஸ் மீட்டிங். "நம்ம புள்ளய கொற சொன்னா நமக்கு கோவம் வரும்ணா. அட்த்தவங்க புள்ளன்னா நல்லா கேட்டுக்கலாம்" என்று சொல்லி என்னை லக்கிக்காக அனுப்பிவைத்தாள். மிஸ் தெலுங்கில் அடுக்கினார். லக்கி சாக்பீஸ் தின்கிறான், பக்கத்துப் பையனின் சட்டையில் கையைத் துடைக்கிறான், பிரேயரில் எல்லாரும் கண்ணை மூடும்போது இவன் மட்டும் திறந்துகொண்டு மிஸ்ஸை முறைக்கிறான். நான் ரசித்துக் கேட்டேன். இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் அப்பாவை இதுவரை பார்த்ததில்லை என்று மிஸ் மனம் நெகிழ்ந்தார். அடுத்த மேஜையில் என் மகளின் குற்றப்பட்டியலை மாத்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு வந்து ஒப்பித்ததில் யார் குற்றம் யாருடையது என்பது கலந்துபோயிற்று. சாக்பீஸ் தின்ற குற்றத்துக்காக சுகந்தி நிலாவின் வாயை ஒரு வாரம் சோதித்தாள்.

"எல்லாத்தையும் மாத்துறீங்களே, வீட்டுக்காரரை மட்டும் விட்டுட்டீங்களே?" என்று தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் ஒருமுறை வம்பிழுத்தார்.

"அத ஆருண்ணா வாங்குவாங்க?" என்றாள் மாத்து அக்கா. பக்கத்தில் பையோடு நின்ற அவள் கணவர் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். அவர் பேசி நான் கேட்டது குறைவு.

இப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே வாடகைக் காரில் திருப்பதிக்குப் புறப்பட்டோம். காலையில் மிருகக்காட்சிசாலை, பிறகு திருச்சானூர் தாயார் தரிசனம், இருட்டுவதற்குள் வீடு. கார் கிளம்புமுன் மாத்து அக்கா சட்டத்தை அறிவித்தாள். திரும்பி வரும்வரை நிலா அவளுடைய பிள்ளை, லக்கி எங்களுடைய பிள்ளை.

மிருகக்காட்சிசாலையில் ஒன்றும் குறையில்லை. புலி கொட்டாவி விட்டதும் நிலா பயந்து ஓடிப்போய் மாத்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னை அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. என் கழுத்தில் உட்கார்ந்திருந்த லக்கி குனிந்து, "மாமா, புலியும் குட்டிய மாத்திக்குமா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

திருச்சானூரில் நல்ல கூட்டம். செல்போன்களையெல்லாம் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு இலவச தரிசன வரிசைக்குப் போனோம். வரிசை இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. நுழைகிற நேரத்தில் லக்கிக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. அவனைக் கூட்டிப்போய் வந்ததில் நானும் சுகந்தியும் பின்தங்கிவிட்டோம். மாத்து அக்காவும் அவள் கணவரும் நிலாவோடு முன்னால் போய்விட்டார்கள். "மன்னிச்சுக்குங்க, எங்க ஆளுங்க முன்னாடி இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி நுழைந்து, இரண்டு வளைவு தாண்டி அவளைப் பிடித்தோம். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. புது மொட்டை, தலை நிறைய சந்தனம், வாயில் கட்டைவிரல். ஆண் பிள்ளை.

"இது யாரு?" என்றேன்.

"குப்பம்னு ஊரு கீதே, அந்த ஊருப் பையன்ணா."

"நிலா எங்க?"

"தோ, பக்கத்து லைன்ல" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே வரிசை ஓடிக்கொண்டிருந்தது. நிலா இல்லை.

மாத்து அக்கா நிதானமாக விளக்கினாள். "ஒரு அம்மாண்ணா, பாவம். மொட்ட போட்ட எரிச்சல்ல இவன் ஒரே அழுக. அவங்க கையப் புட்ச்சி கடிக்கிறான். பாத்துக்கினு எப்டி சும்மா நிக்கிறது? கம்பி மேலயே மாத்திக்கினேன். பாரு, எப்டி கம்முனு கீறான்."

"அவங்க பேரு?"

"கேக்கலியே."

"போன் நம்பர்?"

"போன்தான் கவுண்டர்ல கீதேண்ணா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெலுங்கும் தமிழுமாக, "ஏம் காதுண்ணா, ஒண்ணும் ஆவாது. அவங்க புள்ள நம்மகிட்ட கீதே, உட்டுட்டு எங்க போய்டுவாங்க?" என்றாள்.

மறுக்க முடியாத வாதம்தான். எனக்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், பக்கத்து வரிசை டிக்கெட் வரிசை. அது ஓட்டமும் நடையுமாகப் போய், மூலையில் வேறு பக்கம் திரும்பி மறைந்தது. எங்கள் வரிசை அசையக்கூட இல்லை. சுகந்தி கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நிலாவுக்கு எங்கள் போன் நம்பர் தெரியாது. அப்பா பெயர் என்ன என்று கேட்டால் "அப்பா" என்பாள். உன் அம்மா யார் என்று யாராவது கேட்டால், மாத்து அக்கா பழக்கிவிட்ட பழக்கத்துக்கு எந்தப் பொம்பளையைக் கைகாட்டுவாளோ! மொட்டைப் பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கம்பிக்குக் கீழே நுழையப் பார்த்தேன். வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆள் ஒருவர் ஓடிவந்து மறித்தார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் மன்றாடினேன்.

"என் பிள்ளையைக் காணோங்க."

அவர் என் தோளைப் பார்த்தார். "அப்ப இது?"

"இது என் பிள்ளை இல்லீங்க."

"பின்னே யாருடையது?"

"தெரியாதுங்க."

அவர் முகம் மாறியது. குனிந்து பையனிடமே கேட்டார், இது யாருப்பா என்று. பையன் மிரண்டுபோய் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்றான்.

வரிசையிலிருந்த ஒரு அம்மா உரக்கச் சொன்னாள். "பெத்த புள்ளயயே ஆருதுன்னு தெரிலன்றான் பாரு. பட்டப்பகல்லயே ஏத்திக்கினு வந்துட்டான்."

"மொட்ட போட்டா அடையாளம் தெரியாம பூடுமா இன்னா?" என்றார் இன்னொருவர். அந்த வரிசை முழுக்க என் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

அப்போது மாத்து அக்கா நடுவில் புகுந்து அந்த ஆளுக்குத் தெலுங்கில் விளக்கினாள். இந்தப் பையன் அந்த அம்மாவுடையவன், அந்த அம்மாவிடம் இருக்கிற பெண் பிள்ளை இந்த அண்ணனுடையவள், அவள் என் பொறுப்பு, இதோ நிற்கிற பையன் என்னுடையவன், அவன் இவர்கள் பொறுப்பு. மனிதர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "மார்ச்சுக்குன்னாரா?" என்றார், மாற்றிக்கொண்டீர்களா என்று. அவள் ஆமாம் என்றாள். இதற்கு மேல் புரிந்துகொண்டால் தனக்கு ஆகாது என்று முடிவு செய்தவர்போல, பக்கவாட்டுக் கதவைத் திறந்து எங்கள் எல்லாரையும் வெளியே விட்டார். துணைக்கு அவரும் வந்தார்.

வெளியே எங்கே பார்த்தாலும் பிள்ளைகள். குங்குமக் கடை, பொம்மைக் கடை, பலூன்காரன் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று தேடினேன். நிலா போட்டிருந்ததுபோல மஞ்சள் கவுன் தெரிந்தபோதெல்லாம் ஓடினேன், எதிலும் நிலா இல்லை. தோளில் இருந்தவன் பலூனுக்குக் கையை நீட்டிக்கொண்டே வந்தான். தாயாரே, இவனை உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன், அவளை என்னிடம் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலிலும் மாத்துதான் வந்து நின்றது.

குளத்துப் படியில் நிழல் விழுந்த பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் எதிரே நிலா. செல்போன் இல்லை, சினிமா இல்லை. வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? இருங்க, இன்னும் ரெண்டு வாய்தான் கீது" என்றாள் அந்தக் குப்பத்து அம்மா, நாங்கள் சொல்லிவைத்து வந்தவர்கள்போல.

நிலா என்னையும் சுகந்தியையும் மாத்து அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இப்ப நான் யார்கிட்ட போணும்?" என்று கேட்டாள். அள்ளித் தூக்கிக்கொண்டேன். மொட்டைப் பையன் தன் அம்மாவிடம் போன வேகத்தில் அவள் கையைக் கடித்தான். அவள் "ஆ!" என்று கையை உதறிவிட்டு, மாத்து அக்காவைப் பார்த்து, "உங்க வூடு எங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

மாத்து அக்கா சிரிக்கவில்லை. தள்ளியே நின்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தும் விடவில்லை. காரில் ஏறியதும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். "இனிமே அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பாத்துப்போம்" என்று முடித்தேன். நிலா சுகந்தியின் மடியில், லக்கி அவன் அம்மாவின் மடியில். எல்லாரும் சரியான இடத்தில் இருந்தும் காரில் ஏதோ தப்பாக இருந்தது. லக்கி சித்தூர் வரை அழுதுகொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு எதிர் வீட்டுக் கதவு மூடியே இருந்தது. இங்கே நிலா மறுபடி செல்போனுக்கும் இட்லிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். அங்கே சாப்பாட்டு நேரம் வந்தால் லக்கி வீடு அதிரக் கத்துவான். நடுநடுவே, "ஒரு வாய்டா, ஒரே ஒரு வாய்டா கண்ணு" என்று ஒரு குரல் கெஞ்சும். மாத்து அக்கா கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"அவங்க கையால மட்டும் அவன் ஒரு வாய்கூட வாங்க மாட்டானாம்" என்றாள் சுகந்தி. "அவங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு. அதுக்குத்தான் இந்த மாத்தெல்லாம் ஆரம்பிச்சதாம். இப்ப பயந்துபோயிட்டாங்களாம், யார் பிள்ளையையும் தொட மாட்டேன்றாங்களாம்." அந்த மனிதர் தெருவில் என் மனைவியை நிறுத்தி இவ்வளவு பேசியிருக்கிறார் என்றால் வீட்டு நிலைமை எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கச்சேரி. சுகந்தி தட்டை என் கையில் திணித்தாள். நிலாவைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். மாத்து அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், சேலையெல்லாம் பருப்புச் சோறு. லக்கி கட்டிலுக்கு அடியில் இருந்தான். நிலா கையை நீட்டினாள். மாத்து அக்கா நீட்டவில்லை.

"வேணாம்ணா. எனக்கு பயமா கீது."

அவளைத் திட்டுவதற்கு அன்றைக்கு அத்தனை வார்த்தை வந்தது. இப்போது தட்டை மட்டும் அவள் முன்னால் வைத்தேன். "இட்லி ஆறிடும்க்கா. மாத்திக்கலாம், வாங்க" என்றேன்.

மாத்து அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிலாவை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "மாமா, சட்னி கீதா?" என்று கேட்டது.

இப்போது நாங்கள் வேறு ஊரில், ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுகந்தி, எங்கள் மூன்று பேருக்குப் போக, ஒரு ஈடு இட்லி கூடுதலாக ஊற்றிவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறாள்.