ஏரோப்ளேனுக்குள் ஒரு பனியன்

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அப்படிப் படித்தவனிடம் ஓர் ஆபத்து உண்டு. எழுதியிருப்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். எழுதியிருக்கும் பொருள் எதிரே நின்றால் அடையாளம் தெரியாது. (வேறு யாரையும் சொல்லவில்லை.)

டிப்ளமா முடித்ததும் பெங்களூருக்கு வெளியே ஒரு ஹேங் கிளைடர் கிளப்பில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. ஹேங் கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத பெரிய இறக்கை. அடியில் ஒரு முக்கோணச் சட்டம் இருக்கும். பறப்பவர் அதைப் பிடித்தபடி தொங்குவார். வீட்டில் நான் "ப்ளேன் கம்பெனி" என்று மட்டும்தான் சொன்னேன். பீன்யா தொழிற்பேட்டையில் கட்டில் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, மகன் பைலட் என்றே ஏரியா முழுக்கப் பரப்பிவிட்டார். "பறக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புடா" என்று தினமும் நச்சரிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷெட்டில் யாரும் இல்லாத நேரம், போனில் டைமர் வைத்துவிட்டு, அங்கிருந்த கிளைடரின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். போட்டோ அருமையாக வந்தது. கிளைடர்தான் பக்கவாட்டில் சாய்ந்து, முக்கோணத்தின் இடது குழாய் வாழைப்பழமாக வளைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதில் பிலோமினா மேடம் பறக்க வேண்டும். அவர்தான் கிளப்பின் தலைவி. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. குழாயைக் கழற்றிக்கொண்டு பீன்யாவுக்கு பஸ் ஏறினேன். ("வில் சரி, அம்பு எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர்.)

"வளைஞ்ச குழாய நிமித்தக் கூடாது, புதுசுதான் மாத்தணும்னு புக்குல போட்டிருக்குப்பா."

"எந்த மடையன்டா எழுதினான்? நான் தினம் எத்தன கட்டில் கால நிமித்தறேன்!"

"இது பறக்கிறதுப்பா."

"கட்டில்ல மூணு பேரு படுக்கறான். இதுல எத்தன பேரு?"

"ஒருத்தர்."

"அப்புறம் என்னடா?"

டிப்ளமா படித்தவன் குழாயை அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா குழாய்க்குள் இரும்புக் கம்பியை விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். "இனி ஜென்மத்துக்கும் வளையாது" என்று கம்பியை உள்ளேயே வைத்து, அது கடகடக்காமல் இருக்கத் தன் பழைய பனியனையும் திணித்து, மேலே கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்.

யாரும் பார்க்குமுன் அதைத் திரும்பக் கிளைடரில் மாட்டிவைத்தேன். ஞாயிறு காலை, பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து வந்த மேடம் கிளைடரைத் தூக்கினார். அது இடது பக்கமாகச் சரிந்தது.

"என்ன மேன் இது, லெஃப்ட்ல இழுக்குது?"

"அந்தப் பக்கம் காத்து கொஞ்சம் கனமா இருக்கு மேடம்." (பிசிக்ஸில் வகுப்பிலேயே முதல் மார்க்.)

மேடம் ஹெல்மெட்டை மாட்டினார். அப்பா செய்த கட்டிலில் அவர் வானத்தில் படுத்திருப்பது போல என் கண்ணில் ஒரு காட்சி. வேலை போனால் போகட்டும் என்று ஓடிப்போய்ச் சட்டத்தைக் கட்டிப்பிடித்தேன்.

"பறக்காதீங்க மேடம்! உள்ள எங்கப்பா இருக்காரு!"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். போல்ட்டைக் கழற்றி, குழாய்க்குள் விரலை விட்டு இழுத்தார். ஒரு பனியன் வந்தது. பின்னாலேயே கம்பி ணங்கென்று விழுந்தது.

"உங்கப்பால இவ்ளோதான் மிச்சமா, மேன்?"

எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

"மாத்தணும்னு புக்கு சொல்லுதுல்ல?"

"தெரியும் மேடம். புதுசுக்கு நான் எங்க போவேன்?"

என்னை ஸ்டோருக்கே அழைத்துப்போனார். ஜன்னலோரம் கயிற்றில் கிடைமட்டமாக ஒரு குழாய் தொங்கியது. அதில் என் பேன்ட், இரண்டு சட்டை, ஒரு துண்டு.

"அதான் மேன் புதுசு."

'பக்கக் குழாய் – ஒன்று' என்று ஸ்டாக் நோட்டில் முத்து முத்தாக எழுதியவன் நானே. இரண்டு மாதமாக அதில் துணி காயப்போட்டவனும் நானே.

குழாயை மாற்றிக்கொண்டு மேடம் பறந்தார். வேலை போகவில்லை; ஸ்டோரில் துணி காயப்போடும் உரிமைதான் போயிற்று.

அப்பா நிமிர்த்திய குழாய், கம்பியோடு, இப்போது எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்கம்பு. சொன்னபடியே இன்னும் வளையவில்லை. குளித்துவிட்டு வந்து "என் பனியன் எங்கடி?" என்று அப்பா கத்தும்போதெல்லாம், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"உங்க புள்ள ஏரோப்ளேனுக்குள்ள பாத்தீங்களா?"