கல்லறைத் தோட்டத்தில் ஒரு நன்றியுரை

இளைய மகள் ஷெரினின் கல்யாணத்தில் நன்றியுரையை நானே பேசுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் எனக்கு எதிர்ப்பே இல்லாத ஒரே இடம் அதுதான்.

வெளியே வந்து அறிவித்ததும் அடுப்படியிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது.

"நீங்களா? பேசவா?" என்றாள் என் மனைவி பரிபூரணம்.

"ஏன், பெத்த தகப்பன் பேசக் கூடாதோ?"

"மூத்தவ கல்யாணத்துல பேசுனீங்களே, அந்த மாதிரியா?"

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். மூத்தவள் கல்யாணத்தில் மைக் முன்னால் நின்று "அன்பார்ந்த" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. நான்கு நிமிடம் ஆகியும் வரவில்லை. மௌன ஜெபம் என்று நினைத்துப் போதகர் தலையைக் குனிந்தார். சபை முழுக்கக் கண்ணை மூடிவிட்டது. கடைசியில் அவரே "ஆமென்" சொல்லி, கையைப் பிடித்து என்னை இறக்கிவிட்டார். மேடையில் என் மகள் அவமானத்தில் அழுதாள். அந்த அழுகை இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"இந்தத் தடவ பாருட்டி, எப்படிப் பேசுதேன்னு."

"எதுக்கு வம்பு? நான் பேசுதேன். நீங்க காலைல காப்பியப் போட்டு, நாலு பாத்திரத்தக் கழுவுங்க. ரிட்டயராகி ஒரு வருசமாச்சு. உக்காந்து உக்காந்து நாற்காலிதான் தேயுது."

"இருபத்தெட்டு வருசம் மில்லுல உழைச்ச கை இது. பாத்திரத்தத் தொடாது. மைக்கத்தான் பிடிக்கும்!"

ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்தவன் நான். உள்ளே மிஷின் இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் நாங்கள் வாயை மட்டும் அசைப்போம். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கல்யாணத்துக்கு முன்பு பரிபூரணமும் அதே மில்தான். மூன்று மிஷின் தள்ளி நின்று, "என்னைக் கட்டிக்கிடுதியா?" என்று உதட்டால் கேட்டேன். "வீட்டுல வந்து கேளுங்க" என்று உதட்டாலேயே பதில் வந்தது. சத்தம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தால் நான் இன்னும் பிரம்மச்சாரி.

ஒத்திகைக்கு இடம் தேடினேன். பரிபூரணம் வரக்கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது. எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் கிடைத்தது. நேரம், உச்சி வெயில். காவலுக்கு இருக்கும் மாடத்தியின் காதில் விழாமல் இருக்க, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பழகினேன். முதலில் உதடு தயாராகட்டும், குரலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

நாற்பது கல்லறைகள். எழுந்து போகாத சபை. நேர் எதிரே, ஆள் உயரத்தில், ரத்தினம் டீச்சரின் கல்லறை. ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கச் சொல்லி என்னைக் கால்சட்டையிலேயே சிறுநீர் போக வைத்தவர். அவரைத் தலைமை விருந்தினராக வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் காற்றே இல்லை. என் நிழல் என் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது. காக்கைகூடக் கத்தவில்லை. உதட்டை அசைத்தேன்: 'அன்பார்ந்த சொந்தபந்தங்களே.'

டீச்சரின் கல்லறையிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒரு பெண் குரல் சொன்னது: "அன்பார்ந்த சொந்தபந்தங்களே."

உதட்டை நிறுத்தினேன். குரலும் நின்றது. மறுபடி அசைத்தேன்: 'எல்லாரும் வந்ததுக்கு...'

"எல்லாரும் வந்ததுக்கு..."

எதிரொலி என்று சொல்லி மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் எதிரொலி வர முதலில் ஒலி வேண்டுமே! நான் மூச்சுக்கூட விடவில்லை. முதுகில் வேர்வை ஐஸாக இறங்கியது. ஓடினேன். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, இந்த ஓட்டம்?" என்றாள் வாசலில் மாடத்தி.

"உள்ள யாரும் இருக்காவளா?"

"நெறையப் பேரு இருக்காவ. ஆனா யாரும் வெளிய வர மாட்டாவளே."

வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பின்னாலேயே பரிபூரணம் இடுப்பில் வெறும் குடத்தோடு நுழைந்தாள். சேலை ஓரத்தில் நாயுருவி முள் அப்பியிருந்தது.

"எங்கட்டி போன?"

"பூச்செடிக்குத் தண்ணி ஊத்த. நீங்க ஏன் ஒத்தச் செருப்போட நிக்கீங்க?"

நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரணை என் பக்கம் திரும்பும் போலிருந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், தொலைந்த செருப்பு வாசற்படியில் இருந்தது. வீட்டைப் பார்த்தபடி இருந்தது.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மேடையில் அழுத மூத்தவளின் முகம் கண்ணில் வந்தது. ஷெரினும் அழக் கூடாது. மறுபடி போனேன். தினமும் போனேன். தினமும் அந்தக் குரல் வந்தது. வர வர என் உதட்டோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஒருநாள், "கையக் கட்டாத!" என்று திருத்தியது. ஒரு வாரத்தில் எனக்குப் பயம் மரத்துப்போனது. செத்தவர் முன்னால் பேசியவனுக்கு உயிரோடு இருக்கும் அறுநூறு பேர் எம்மாத்திரம்?

மாப்பிள்ளை பிரேம்குமாருக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமும் அங்கேதான். வேதக்கோயிலில் தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். நன்றியுரை முடிந்தால்தான் பந்தி. மணி பன்னிரண்டு. வெளியே அதே உச்சி வெயில்.

மைக் முன்னால் நின்றேன். அறுநூறு பசித்த முகங்கள். தொண்டைக்குள் யாரோ கல்லறை கட்டினார்கள். உதடு மட்டும் பழக்கத்தில் அசைந்தது: 'அன்பார்ந்த சொந்தபந்தங்களே.'

நான்கு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் எழுந்தது: "அன்பார்ந்த சொந்தபந்தங்களே."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரத்தினம் டீச்சர் ராஜபாளையத்தில் பஸ் ஏறி வந்துவிட்டார்! நிறுத்தப் பயமாக இருந்தது. அசைத்துக்கொண்டே போனேன். குரல் கூடவே வந்தது. 'என் ரெண்டு பிள்ளைகளும் என் ரெண்டு கண்ணு' என்று முடித்தபோது ஷெரின் அழுதாள். இது வேறு அழுகை. மண்டபம் கைதட்டியது.

அப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் முதல் வரிசையைப் பார்த்துத் தட்டினார்கள். எனக்கு நேர் எதிரே பரிபூரணம். கைக்குட்டைக்குள் கம்பியில்லா மைக்.

'நீயா?' என்றேன் உதட்டால்.

மைக்கை இறக்கினாள். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, மில்லில் பேசியது போலவே, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: 'நான்தான். ஒதட்டப் பாத்துப் பேசுத பழக்கம் விட்டுப்போச்சு. அதான் கல்லறைக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்து, குடத்துக்குள்ள வாய வச்சு ஒத்திக பாத்தேன். உங்களுக்குத் தொண்ட அடைக்கும்னு தெரியாதா எனக்கு?'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளல்லவா மனைவி என்று நினைத்தேன்.

அவள் மைக்கை மறுபடி உயர்த்தி, என் பேச்சாகவே தொடர்ந்தாள்.

"கடைசியா ஒண்ணு. நாளையிலருந்து எங்க வீட்டுல காலைக் காப்பியும், பாத்திரம் கழுவுததும் என் பொறுப்புன்னு இந்தச் சபை முன்னால வாக்குக் குடுக்கேன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. போதகர் எழுந்து நின்று தட்டினார்.

பொய், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுக்க வாயைத் திறந்தேன். உதடு மட்டும் அசைந்தது. ஸ்பீக்கர் சொன்னது:

"ராத்திரிப் பாத்திரமும் சேத்துத்தான்."