எக்ஸ்பிரஸ் மேடேறிய விதம்

இருக்கைக்கு இடப்பக்கம் இருந்த லீவரின் அருகே இரண்டு படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. மேலே ஒரு முயல். கீழே ஓர் ஆமை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான எக்ஸ்பிரஸ் அந்த ஆமையைப் பார்த்ததும், யாரோ தம்மைக் கேலி செய்வதற்காகவே அதை ஒட்டிவைத்திருப்பதாக நினைத்தார்.

"என்ன யோசனை? ஏத்துங்க, பார்ப்போம்" என்றார், டிராக்டர் கடையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த கண்ணாடிக்காரர்.

"இதோங்க ஐயா. மலைப்பாதையெல்லாம் பார்த்தவன் நான். இது என்னங்க, பொம்மை மாதிரி இருக்கு!"

"நானும் அதைத்தானே சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

எக்ஸ்பிரஸ் என்பது உடன் வேலை பார்த்தவர்கள் அன்போடு சூட்டிய பட்டம். ஓய்வு பெற்றபின் ஓட்டுவதற்கு வண்டி இல்லாமற்போகவே, அவர் வீட்டை ஓட்டத் தொடங்கினார். அவருடைய மனைவி முன்னறையில் தையல் வகுப்பு நடத்திவந்தார். வகுப்புக்கு வரும் பெண்களை வாசலிலேயே மறித்து, "வழியில நிக்காதீங்க, உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று விரட்டுவார். பாதிச் சட்டை தைத்துக்கொண்டிருக்கும்போதே, "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்று குரல் கொடுப்பார். கற்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

அன்று காலை மனைவி அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தவாறே சொன்னார்: "என்னங்க, இன்னிக்கு வேலையோட வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா என் தையல் மெஷினை வித்துட்டு, நானே உங்களுக்குக் கண்டக்டரா வந்துடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நூலைக் கடித்து அறுத்த விதத்தில் சிரிப்பு இல்லை. அந்த வகுப்பு மனைவி பாடுபட்டு வளர்த்தது என்பதும், அதைத் தாம்தான் காலி செய்துகொண்டிருக்கிறோம் என்பதும் எக்ஸ்பிரஸுக்குத் தெரியாமல் இல்லை.

வேலைக்கு வழி சொன்னவர் மனைவியின் தம்பி. அந்தக் கடையில் மெக்கானிக்.

"மாமா, வாங்க வர்றவங்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்ட ஒரு ஆள் வேணுமாம். முதலாளி உங்களை ஓட்டச் சொல்லிப் பார்ப்பாரு. இது ஹைட்ரோஸ்டாட்டிக். கிளட்ச் கிடையாது, ஒரே பெடல்தான். முன்பக்கம் அழுத்தினா முன்னால போகும், பின்பக்கம் அழுத்தினா பின்னால வரும்."

"இவ்வளவுதானா?"

"முக்கியமான ஒண்ணு இருக்கு, மாமா. மேடு, சுமைன்னு வந்தா அந்த லீவரை..."

"மேட்டைப் பத்தி எனக்கே பாடமா, மாப்ளே?" என்று எக்ஸ்பிரஸ் பாடத்தைப் பாதியிலேயே முடித்துவைத்தார்.

அவர் கடைக்கு வந்து சேர்ந்தபோது மைத்துனர் இல்லை. எங்கோ பழுதாகி நின்ற வண்டியைப் பார்க்கப் போயிருந்தார். கடை வாசலில் இருந்தவர் இந்தக் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தங்க நிற விளிம்புக் கண்ணாடி, கால்மேல் கால்.

"வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, ஐயா" என்று எக்ஸ்பிரஸ் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இதோ வண்டி. பின்னால டிரெய்லர் நிறைய ஜல்லி. அதோ மேடு. இந்தச் சுமையோட மேல இருக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டா, நான் ஒத்துக்கறேன்."

இப்படியாகத்தான் எக்ஸ்பிரஸ் அந்த லீவரின் முன்னே அமர நேர்ந்தது.

மனிதருக்குப் பாடம் சொல்லும் பணியில் முயலும் ஆமையும் நெடுங்காலமாகவே இருந்துவருகின்றன. மனிதர்தாம் வகுப்பை விட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் லீவரை முயலுக்குத் தள்ளி, பேருந்தில் மிதிப்பதுபோலவே பெடலை மிதித்தார்.

சமதரையில் வண்டி துள்ளி ஓடியது. மேட்டில் முன்சக்கரம் ஏறியதும் முனகியது. பின்சக்கரம் ஏறியதும் நின்றுவிட்டது. அவர் இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்த முனகல் பெருகியதே தவிர, வண்டி ஓர் அடிகூட நகரவில்லை.

"ம்ம்" என்றார் கண்ணாடிக்காரர். அந்த 'ம்ம்'மில் ஒரு திருப்தி இருந்தது. பெரிய தேர்வாளர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எக்ஸ்பிரஸ் எண்ணிக்கொண்டார்.

"ஓட்டம் பத்தலை, ஐயா. கொஞ்சம் பின்னாலேர்ந்து வேகமா வந்தா ஏறிடும்."

"தாராளமா! கேட்லேர்ந்தே வாங்க."

கேட்டிலிருந்தே வந்தார். மேட்டின் கால்பகுதிவரை வண்டி பாய்ந்து ஏறித் திடீரென நின்றது. நின்ற அதிர்ச்சியில் டிரெய்லரின் பின்கதவு திறந்துகொள்ள, ஜல்லியில் ஒரு பங்கு சலசலவென்று கீழே இறங்கிப் போயிற்று.

"சுமை தானாவே குறைஞ்சிடுச்சுங்க" என்று எக்ஸ்பிரஸ் சமாளித்தார்.

"அது ஆகாது. முழுச் சுமையோடதான் ஏறணும். மண்வெட்டி அந்த மூலையில இருக்கு."

எக்ஸ்பிரஸ் வண்டியைக் கீழே இறக்கி நிறுத்திவிட்டு ஜல்லியை வாரத் தொடங்கினார். சட்டை நனைந்தது; புதுப் பொத்தான் தெறித்தது. அந்த நேரம் பார்த்துச் செல்பேசி ஒலித்தது.

"என்னங்க, ஆச்சா?"

"நடந்துட்டிருக்கு."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது? வண்டியை நீங்க ஓட்டறீங்களா, இல்லே வண்டி உங்களை ஓட்டுதா?"

"வெச்சிடு, முதலாளி பார்க்கறாரு."

மூன்றாம் முறை என்ஜினின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி, பெடலைத் தரையோடு தரையாக மிதித்தார். பாதி மேட்டில் வண்டி ஒருமுறை இருமிவிட்டு அணைந்துபோயிற்று. மறுபடி கிளப்ப வேண்டும் என்று லீவரை இரண்டு படங்களுக்கும் நடுவே, நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். அதுவரை வண்டியைப் பிடித்துவைத்திருந்த பிடி அத்தோடு விட்டுப்போக, டிராக்டரும் டிரெய்லரும் பின்னோக்கி உருளத் தொடங்கின. அவருடைய வலக்கால் பேருந்தில் பிரேக் இருக்கும் இடத்துக்குத் தானாகப் போயிற்று. அங்கே வெறும் தகடுதான் இருந்தது. இந்த வண்டியில் பிரேக் இடக்கால் பக்கம் இருந்தது. இடக்காலோ கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

வாசலோரம் அடுக்கியிருந்த டயர்கள்மீது டிரெய்லர் மெல்லச் சாய்ந்து நின்றது. உச்சியில் இருந்த டயர் ஒன்று இறங்கி, முற்றத்தை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்காரரின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சபாஷ்!" என்று கண்ணாடிக்காரர் தொடையைத் தட்டினார். "இதைத்தான் நான் பார்க்கணும்னு நினைச்சேன். இன்னொரு தடவை இதே மாதிரி செய்ய முடியுமா? நாலு பேர் பார்த்தா இன்னும் நல்லா இருக்கும்."

இத்தனை கடுமையான ஏளனத்தை எக்ஸ்பிரஸ் தம் பணிக்காலம் முழுவதிலும் கேட்டதில்லை. கூட்ட நெரிசலில் பயணிகள் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். ஒருவராவது இவ்வளவு மலர்ந்த முகத்தோடு பேசியதில்லை.

"ஐயா, கடைசியா ஒரே ஒரு தடவை."

"ஒண்ணு என்ன, பத்துத் தடவை ஏத்துங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவர் தண்ணீர்ப் பானையை நோக்கித் திரும்பினார். எக்ஸ்பிரஸ் இருக்கையில் குனிந்து அமர்ந்தார். வேலை கைநழுவிவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? மூடிக்கிடக்கும் தையல் மெஷினும், அதன் அருகே நிற்கும் மனைவியும் கண்ணுக்குள் வந்தார்கள். அவருடைய பார்வை மெல்ல ஆமையின்மீது விழுந்தது. ஆமை அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தது.

அணைந்த என்ஜினை மறுபடி கிளப்பினார். யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் நோக்கிவிட்டு, அடுத்தவர் தோட்டத்தில் காய் பறிப்பவரைப்போல லீவரைச் சட்டென்று ஆமைக்கு இழுத்தார். மிதித்து மிதித்துக் கால் வலித்ததால் இம்முறை பெடலை மெதுவாகத்தான் தொட முடிந்தது.

வண்டி புறப்பட்டது. முனகல் இல்லை, இருமல் இல்லை. மேட்டின் அடிவாரம், கால்பகுதி, அது அணைந்துபோன பாதிவழி எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் கடந்தது. சுமந்துவந்த ஜல்லியில் ஒரு கல்லும் சிந்தவில்லை. கொட்டகையின் நிழலில் வண்டியை நிறுத்தி, இம்முறை இடக்காலால் பிரேக்கை அழுத்திப் பூட்டிவிட்டு எக்ஸ்பிரஸ் கீழே பார்த்தார்.

கேட்டருகே ஒரு ஜீப் வந்து நின்றிருந்தது. மைத்துனர் வாய் பிளந்து நின்றார். அவர் பக்கத்தில் கிரீஸ் படிந்த சட்டையோடு குள்ளமான ஒருவர், திருவிழாக் கூட்டத்தில் நிற்பவரைப்போலப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்பிரஸுக்கு அவர்களைக் கவனிக்க நேரமில்லை. கண்ணாடிக்காரர் மேடேறி வந்துகொண்டிருந்தார். கையில் தண்ணீர்க் குவளை அப்படியே இருந்தது. முகத்தில் மட்டும் அந்த மலர்ச்சி இல்லை. வந்தவர் வண்டியைச் சுற்றிவந்தார். ஜல்லியைக் கையால் அள்ளிப் பார்த்தார். கடைசியில் லீவரை எட்டிப் பார்த்தார்.

"ஏறிடுச்சுங்க, ஐயா" என்றார் எக்ஸ்பிரஸ் தயக்கத்தோடு. "வேலை உண்டுங்களா?"

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "வேலையை அங்கே கைதட்டிட்டு நிக்கிறாரே முதலாளி, அவர்கிட்டப் போய்க் கேளுங்க, நான் இந்த வண்டி மேடேறாதுன்னு நிரூபிச்சுத் திருப்பிக் குடுக்க வந்தவன்!"