விசில் டீச்சரின் சப்-ஊஃபர்

மதுரையில் ஸ்டீரியோ கடை வைத்திருப்பவர்கள் வரி அதிகாரிக்குப் பயப்படுகிறார்களோ இல்லையோ, விசில் டீச்சருக்குப் பயப்படுவார்கள். டவுன்ஹால் ரோடு முனையில் அவர் தலை தெரிந்தாலே பாதி ஷட்டர் இறங்கிவிடும். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் கடைக்காரர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

அவருடைய நிஜப் பெயர் தல்லாகுளம் தபால்காரருக்கே தெரியாது. பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் ஓய்வு பெற்றாரே தவிர, கழுத்தில் தொங்கிய விசிலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. காய்கறி வண்டி நிற்காமல் போனால் ஒரு விசில். பஸ், ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றால் நீளமாக ஒரு விசில். அந்தச் சத்தத்துக்கு டிரைவர் ரிவர்ஸ் எடுத்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். டீச்சர் மாடியில் குடியிருந்த அதே வீட்டின் பின்கட்டில் எனக்கு ஒரு அறை. என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. டீச்சருக்கு என் மேல் அக்கறை வர அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்றதும் மற்ற டீச்சர்கள் காசிக்குப் போனார்கள். இவர் ஸ்டீரியோ வாங்கினார். ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், எல்லாம் நல்ல சாமான். ஆனால் ஒரே வாரத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார்.

"எப்டி இருக்கு தம்பி?"

"சூப்பரா இருக்கு டீச்சர்."

"மண்ணாங்கட்டி. நாயனம் இருக்கு, தவில் எங்க? தலை இருக்கு, நெஞ்சு இருக்கு, வயிறே இல்ல. இந்தப் பாட்டுக்கு வயிறு வேணும். வண்டிய எடு, போவோம்."

அந்த வயிற்றுக்குப் பெயர் சப்-ஊஃபர், பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்றே உள்ள தனிப் பெட்டி என்று போகிற வழியில் சொன்னார்.

சாதாரண மனிதர்கள் கடைக்குப் போனால் விலை கேட்பார்கள், கலர் பார்ப்பார்கள், வாட்ஸ் எம்புட்டு என்பார்கள். டீச்சர் ஒரு பென் டிரைவை நீட்டுவார். அவர் கடைசியாக நடத்திய விளையாட்டு விழாவில் பள்ளி பேண்டு வாசித்த அணிவகுப்பு அதில் இருந்தது. அந்த பேண்டின் பெரிய டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்று அவருடைய வேலைக்காலம் முழுக்கப் போயிருந்தது. அந்த டிரம் வீட்டுக்குள் கேட்க வேண்டும். அம்புட்டுதான் அவருடைய ஆசை.

முதல் கடையில் இளைஞன் ஒருவன், "மேடம், இதக் கேளுங்க," என்று ஏதோ ஹெலிகாப்டர் வெடிக்கிற சத்தத்தைப் போட்டான். கண்ணாடி அலமாரி நடுங்கியது. பெட்டியைச் சுற்றி நீலம், பச்சை, சிவப்பு என்று லைட் ஓடியது.

"வீட்டுல ஹெலிகாப்டர் வெடிக்குமாப்பா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் பென் டிரைவைப் போடச் சொன்னார். பேண்டு ஆரம்பித்ததும் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குள்ளேயே மார்ச் பண்ணத் தொடங்கினார். லெஃப்ட், ரைட், லெஃப்ட். சார்ஜர் வாங்க வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வாசலில் இருந்த செக்யூரிட்டி பழைய பட்டாளத்துக்காரர் போல, தன்னையறியாமல் அட்டென்ஷனில் நின்றார். நாலு எட்டு போனதும் டீச்சருக்குக் கால் இடறியது.

"பாத்தியா தம்பி! என் காலு தரையில பட்ட பெறகுதான் டிரம் விழுகுது. லேட்டு. அடிச்ச அடியும் நிக்காம கொழகொழன்னு இழுக்குது. வேற காட்டு."

எந்தக் கடையாக இருந்தாலும் இதே அணிவகுப்புதான். சில பெட்டிகள் எல்லா அடிக்கும் ஒரே 'டொம்' போட்டன. சில, டிரம்மை விட்டுவிட்டுத் தாங்களே உறுமின. ஒரு முதலாளி, "எங்ககிட்ட ஸ்டாக் தீந்துருச்சும்மா," என்று பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார்.

கடைசியில் சந்துக்குள் இருந்த ஒரு பாய் கடையில்தான் அது கிடைத்தது. அந்தப் பாய் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிக் களைத்துப்போய், மூலையில் துணி போட்டு மூடியிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைத் தயங்கித் தயங்கி எடுத்து வைத்தார்.

"அம்மா, இது ரொம்ப நாளாக் கெடக்கு. மத்த பொட்டி மாதிரி காத்துப் போற ஓட்டை கிடையாது, நாலு பக்கமும் மூடுன பொட்டி. லைட்டும் எரியாது. அதனால யாரும் சீந்த மாட்டேங்குறாங்க."

டீச்சர் மார்ச் பண்ணினார். கடை முடிந்து சந்து வந்தது. சந்திலும் பண்ணினார். கால் இடறவேயில்லை. திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதான் பாய். கட்டுங்க," என்றார். பாய், "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பெட்டி விற்றதற்கா, மார்ச் முடிந்ததற்கா என்று தெரியவில்லை.

பெட்டி வந்துவிட்டது. ஆனால் டீச்சர் உட்காரும் இடத்துக்கு டிரம் சரியாக வரவில்லை. அறைக்குள் எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்துச் சத்தம் மாறுமாம். அதற்கு வழியும் கண்டுபிடித்துவிட்டார். பெட்டியைத் தன் நாற்காலி மேல் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து போகவேண்டும். எந்த இடத்தில் டிரம் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தனியாகத் தவழ்ந்தால் போதாது, இரண்டு காதும் இரண்டு காதும் நாலு காது என்று என்னையும் தவழவைத்தார்.

நாங்கள் பீரோவுக்கடியில் தலையைக் கொடுத்திருந்தபோது வாசலில் செருமல் கேட்டது. கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர்.

அவரை எல்லாரும் ஆஜர் சார் என்பார்கள். கோர்ட்டில் டவாலியாக இருந்து, வாசலில் நின்று கட்சிக்காரர்கள் பெயரைக் கூவிக் கூவியே ஓய்வு பெற்றவர். வாழ்நாளுக்கு வேண்டிய சத்தத்தை அங்கேயே போட்டுவிட்டதால், வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அவருக்கு ஆகாது.

"என்ன டீச்சர், கம்மல் தொலைஞ்சு போச்சா?"

"பேஸ் தொலைஞ்சு போச்சு சார். தேடிக்கிட்டிருக்கோம்."

"அது எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துருச்சு! ஸ்டாண்டுல தம்ளர் பூரா டங்கு டங்குன்னு ஆடுது. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பெறகு ஒரு தம்ளர் ஆடுனாலும் பொட்டி இங்க இருக்கக் கூடாது. பொட்டி இருந்தா நீங்க இருக்கக் கூடாது."

டீச்சர் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது முற்றத்து வேப்பமரம் கன்றாக இருந்ததாம். விசிலைக் கையில் எடுத்தவர், ஊதாமலே கீழே விட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. "டீச்சர், பேசாம பொட்டியத் திருப்பிக் குடுத்துருவோமா?" என்றேன்.

"குடுத்துட்டு? மறுபடி வயிறு இல்லாத பாட்டா? வண்டிய எடு. மேலூர் போவோம்."

மேலூரில் கிரானைட் அறுக்கிற பட்டறை ஒன்றில் போய் நின்றோம். கழிவுக் கற்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தார் டீச்சர். பட்டறைக்காரர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தார்.

"கல்லறைக்காம்மா? என்ன பேரு வெட்டணும்?"

"இன்னும் யாரும் சாகலண்ணே. பாட்டுப் பொட்டிய மேல வைக்கணும். அசையாத கல்லாக் குடுங்க."

கல் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஏறியது. என் கால்களுக்கு இடமில்லை. இரண்டையும் இரண்டு பக்கமும் விரித்து, கொக்கு பறக்கிற மாதிரி மேலூர் ரோட்டில் வந்தேன். பின்னால் வந்த லாரிகளுக்கு டீச்சர் விசில் அடித்து வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அலமாரியைத் திறந்து, மாணவிகள் வீசிப் பிடித்து விளையாடிய பழைய டெனிக்காய்ட் ரப்பர் வளையங்களை எடுத்தார். கல்லின் நாலு மூலைக்கும் அடியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அதன்மேல் கல், கல்லின்மேல் பெட்டி. தவழ்ந்து கண்டுபிடித்த இடத்திலேயே, ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் வைத்தோம். "ஆட்டம் தரைக்குப் போகாது, ரப்பரோட நின்னுரும்," என்றார். குரல் மட்டும் அம்புட்டு உறுதியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஜர் சார் தயாராக இருந்தார். டிவியை அணைத்து, ஃபேனை அணைத்து, சமையலறையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாடியில் டீச்சர் விசிலை ஊதினார். நான் பேண்டு அணிவகுப்பை ஓடவிட்டேன்.

பாதி அணிவகுப்புகூடப் போகவில்லை. படியில் தடதடவென்று சத்தம். ஆஜர் சார் கோர்ட்டில் கூவிய பழைய குரலிலேயே கத்திக்கொண்டு வந்தார்.

"ஏமாத்து! பாட்டு மட்டும் லேசாக் கேக்குது. அந்தப் பொட்டிய நீங்க ஆன் பண்ணவே இல்ல!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஒரு எட்டு வைத்தார். அந்த எட்டில் டிரம் அவர் வயிற்றில் விழுந்தது. அப்படியே நின்றார். அடுத்த அடி. அதற்கடுத்த அடி. வலது கை தானாகச் சட்டைப் பித்தானுக்குக் கீழே போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. பிறகு குனிந்து, கறுப்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். தரையில் வைத்தார். மறுபடி பெட்டியில் வைத்தார்.

"தம்ளர் ஆடுச்சா சார்?" என்றார் டீச்சர்.

"தண்ணி அசையல."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தார். பேண்டு முடிந்தது. தவில் கச்சேரி வந்தது. அதுவும் முடிந்தது. ஆஜர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டில் யாரும் அவரிடமிருந்து கேட்டிராத வாக்கியத்தைச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கலாமா டீச்சர்?"

விசில் டீச்சர் எழுந்தார். முந்தானையைச் செருகினார். ஒலியைக் கூட்டிவிட்டு, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மார்ச் பண்ணிப் போனார். தலை நிமிர்ந்து, கை தோள் உயரத்துக்கு வீசி, ஒரு எட்டுகூடத் தவறாமல். நானும் ஆஜர் சாரும் எழுந்து சல்யூட் வைத்தோம். வேறு என்ன செய்வது?

அதன்பிறகு எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரிடமிருந்து போன் வரும். நலம்கூட விசாரிக்க மாட்டார். "புதுசு ஒண்ணு போடுறேன், கேளு தம்பி," என்று சொல்லிவிட்டு, போனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு எதிரே பிடித்துக்கொள்வார். பாட்டு முடிகிறவரை கை வலிக்கப் பிடித்திருந்துவிட்டு, "கேட்டுச்சா?" என்பார்.

போனில் பேஸ் வராது. எனக்குத் தெரியும், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "கேட்டுச்சு டீச்சர்," என்றுதான் நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.