சிறுத்தையைப் படம் பிடித்தது தொடர்பாக

நோட்டன் பிரிட்ஜ்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு,

ஆண்டியப்பன் எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கு எல்லோரும் நலம். வத்தளையில் நீங்களும் தங்கச்சி ஊர்மிளாவும் பிள்ளைகளும் முழங்கால்கள் உட்பட நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அக்கா ராசம்மா பக்கத்தில் நின்று அதைத் திருத்திவிடுகிறாள். கடிதத்தில் அவளுக்கு அந்த வசதி இல்லை. சென்ற வாரம் அவள் உங்களிடம், "ஒங்க மச்சானப் புலின்னு நெனச்சு பொம்பளைங்க அடிச்சிட்டாங்க" என்று சொன்னதாக அறிந்தேன். அது முழுப் பொய் அல்ல. ஆனால் அதையே முழு உண்மையாக எடுத்துக்கொண்டு நீங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீங்கள்தான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள், குடை கொடுத்தார்கள். நீங்கள் மட்டும் காதருகே வந்து, "சும்மா ஒக்காந்தா துருப் புடிச்சிருவீங்க மச்சான். ஒரு கேமரா வாங்கி, காட்டுல உள்ள குருவி கிருவியப் படம் புடிங்க" என்றீர்கள். நான் அதை அங்கேயே மறந்திருப்பேன். ஆனால் மறுநாள் காலை, உங்கள் அக்கா குழம்புக்கு உப்புப் போடுவதைப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது, அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி சொன்ன அந்தக் கேமராவ எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள். அகப்பையை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி, "எதைங்கய்யா எடுக்கப் போறீங்க, கலியாண வீடா?" என்றான். வனவிலங்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உலக்கை போல ஒரு லென்ஸ் பூட்டிய கேமராவை எடுத்து வந்தான். "இதுல நிலாவுல உள்ள பள்ளமே தெரியுங்க" என்றான். நான் நிலாவுக்குப் போவதாக இல்லை என்பதை அவனுக்கு விளக்கினேன். உடனே அவன் அதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டினான். எதிர்க் கடை வாசலில் யாரோ ஒருவர் இறால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடையிலிருந்த இறாலின் மீசை எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இறாலும் ஒரு வகையில் வனவிலங்குதானே என்று பட்டது. வாங்கிவிட்டேன். வெளியே வந்தால் மழை. பெட்டி நனையாமல் துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்சில் ஏறினேன். கொண்டக்டர், "கைப்புள்ளக்காரருக்கு எடம் குடுங்க" என்று சத்தம் போட்டு ஒருவரை எழுப்பி என்னை உட்கார வைத்துவிட்டார். எழுந்து மறுப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "பேரனுங்களா? பேரு என்னாங்க?" என்றார். கேமரா என்றேன். "இப்பல்லாம் புதுசு புதுசாத்தான் பேரு வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, கடைசிவரை துவாயைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தார். பொய் சொன்ன பழி எனக்கு வரக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

பிறகு குருவிகளைப் படம் பிடித்தேன். அதாவது, குருவிகளை நோக்கிப் பிடித்தேன். இந்தக் கேமராவில் ஒரு குணம் உண்டு. எதை நோக்கி நீட்டினாலும் எதிரே முதலில் நிற்பதைத்தான் அது பார்க்கும். தேயிலைத் தோட்டத்தில் எதிரே முதலில் நிற்பது எது என்று உங்களுக்குத் தெரியும். மீன்கொத்தியை எடுத்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பளிச்சென்று வருகிறது, பின்னால் நீலமாக ஏதோ கரைந்து கிடக்கிறது. மைனாவை எடுத்தாலும் கொழுந்து. மரக்கிளையில் இருந்த குரங்கை எடுத்தாலும் கீழே கொழுந்து. வாழ்நாள் முழுவதும் கொழுந்துக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் மச்சான் நான்.

இப்படி இருக்கையில்தான் சிறுத்தை விவகாரம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள ஏழாம் நம்பர் மலையில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் சிறுத்தை நடமாடுகிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தொழிலாளர் லயத்து நாய்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. காவல்கார அழகன், "பூனையப் பாத்துட்டுப் பொலம்புறாளுக" என்று சிரித்தான். புதிதாக வந்த தோட்டத்து மேனேஜர் தொரையோ, "படம் இருக்கா? படம் இல்லாம கொம்பனிக்கு நான் என்னா சொல்ல?" என்று கேட்டு, பெண்களை மறுபடியும் அதே மலைக்கே அனுப்பினார். ஒருநாள் மாலை அவர்களில் மூத்தவளான இராஜகுமாரி, நான்கைந்து பேரோடு என் வாசலுக்கு வந்தாள். "கிளாக்கரய்யா, நாங்க பயந்து பயந்து கொழுந்தெடுக்கிறோம். சின்னப் புள்ளைக்காரிங்க இருக்காளுக. ஒங்க கேமராவுல ஒரு தடவ அதப் புடிச்சுக் குடுங்க" என்றாள். எனக்கு அந்தக் கணமே காய்ச்சல் வருவது போல இருந்தது. ஆனால் உங்கள் அக்கா உள்ளேயிருந்து, "அவரு கொழுந்துதான் புடிப்பாரு" என்றாள். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

வனவிலங்கைப் படம் எடுப்பவர் தன் உருவம் தெரியாமல் மறைந்திருக்க வேண்டும் என்றும், போகும் இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் கூறியிருந்தார். பல நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், உரப்பை இரண்டைப் பிரித்துத் தைத்து மேலே போட்டுக்கொண்டு, அதில் மானாப்புல்லைச் செருகி, ஏழாம் நம்பர் மலையில் போய்ப் படுத்தேன். லென்ஸ் மட்டும் வெளியே. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. நான் தூங்கவில்லை. காதைக் கூர்மையாக்குவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் புல்லுக்குள்ளிருந்து ஓர் உறுமல் விட்டு விட்டு வந்ததாகக் கொழுந்தெடுக்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சாட்சி சொல்கிறார்கள். அந்த உறுமல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது, "அந்தா அசையுதுடி!" என்ற சத்தம் கேட்டது. அழகன் தகரத்தை அடித்தான். சிறுத்தை எனக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று நினைத்து, நான் உரப்பையோடு நாலு காலில் அவர்களை நோக்கி ஓடினேன். ஓடியது தவறு என்று இப்போது தெரிகிறது. மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓட, இராஜகுமாரி மட்டும் ஓடவில்லை. சின்னவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு, கொழுந்தை மட்டம் பார்க்கக் கையில் வைத்திருந்த மட்டக்கம்பால் ஒரே போடு போட்டாள். "ஐயோ, அம்மாடி!" என்று கத்தினேன். "ஆத்தி, புலி தமிழ் பேசுதுடி!" என்றாள் அவள். அதற்குள் நான் சரிவில் உருண்டுகொண்டிருந்தேன். விரல் கேமரா பட்டனில் மாட்டிக்கொண்டது. படம் எடுக்கும் சத்தம் தையல் மிசின் போலக் கேட்டபடி, தேயிலைச் செடி ஒன்றின் அடியில் வந்து நின்றேன்.

என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இராஜகுமாரி அழுதாள். நான் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள, கேமரா உடைந்ததா என்று பார்ப்பவன் போலப் படங்களைத் தள்ளினேன். வானம், என் செருப்பு, கொழுந்து, மட்டக்கம்பு, மறுபடி வானம். "நில்லுங்கய்யா. அந்தப் பாறை மேல என்னாது?" என்றாள் அவள். மலையின் கீழ்ப்பக்கம் விழுந்திருந்த, பனிமூட்டம் போலக் கலங்கிய ஒரு படத்தில், பாறைமேல் மஞ்சளாக, கறுப்புப் புள்ளி புள்ளியாக, ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. அழகன் தகரத்தை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

தொரை வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அன்றே பெண்களைக் கீழ் மலைக்கு மாற்றினார். நுவரெலியாவிலிருந்து வனவிலங்கு அதிகாரிகள் வந்து தேடியபோது, மேல் ஓடைக் கரையில் காலடித் தடமும் இருந்தது. பெரிய அதிகாரி குனிந்து பார்த்து, "ஹரி, கொட்டியா தமா" என்று சிங்களத்தில் சொன்னார். சிறுத்தையேதான் என்று அர்த்தம். மானாப்புல்லை வெட்டச் சொன்னார்கள், யாரும் தனியாகப் போகக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது என்றார்கள். எல்லாம் முடிந்து திரும்பும்போது இராஜகுமாரி என்னிடம், "நாங்க எத்தன பேரு, எத்தன தடவ சொன்னோம். யாரும் நம்பல. ஒங்க பொட்டி ஒரு தடவ சொன்னதும் நம்பிட்டாங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நான் லென்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆகவே மச்சான், அடி வாங்கியது உண்மை. ஆனால் படமும் உண்மை என்பதைச் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் தெரியப்படுத்தவும். அந்தப் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்ட வேண்டும் என்று தொரை கேட்கிறார். படம் பதிந்துள்ள கேமரா கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கொழும்பில் பெரிதாக அச்சடித்து, நல்ல சட்டம் போட்டு, கீழே என் பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பி வைக்கவும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவின்றி எரியட்டும்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்,
ஆண்டியப்பன்
(ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர்)

பி.கு.: கார்டை இத்துடன் வைக்கவில்லை. உறையை ஒட்டுமுன் படத்தை உங்கள் அக்காவுக்குக் காட்டினேன். உரப்பை இரண்டைக் கேட்காமல் பிரித்துத் தைத்த கோபத்தில் அவள் இதுவரை பார்க்க மறுத்துவந்தாள். கண்ணாடிகூடப் போடாமல் பார்த்துவிட்டு, "இது நம்ம போர்வைங்க" என்றாள். அன்று வெயில் வந்ததும் துவைத்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள பாறையில் காயப் போட்டாளாம். தொங்கியது கால் அல்ல, போர்வையின் ஓரமாம். காலடித் தடம் மெய்யானது என்பதால் இராஜகுமாரியிடமும் தொரையிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். "கலியாணம் கட்டி வந்த நாள்ல இருந்து அந்தப் பாறையிலதான் காயப் போடுறேன். நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு பாறை இருக்கிறதாவது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது மச்சான்.